பினாங்கின் கதை – 14: அப்பன் சிலையில் பிள்ளை முகம்

சென்ற பகுதியை 1786 ஆகஸ்ட் 11இல், கொடியேற்றத்தோடு நிறுத்தியிருந்தோம். மறுநாள் இங்கிலாந்துப் பட்டத்து இளவரசரின் பிறந்தநாள். அதை வைத்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்று பெயர் சூட்டினார். கரையோரக் காட்டை வெட்ட ஆள் வராதபோது, பீரங்கிக்குள் வெள்ளிக்காசை அடைத்துப் புதருக்குள் சுட்டுவிட்டு, பொறுக்குகிறவனுக்கே சொந்தம் என்று சொன்னாராம். இது நடந்ததோ இல்லையோ, பினாங்குப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. ஆள் எப்படிப்பட்டவர் என்பதை அந்தக் கதையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆள் பார்வைக்கு எப்படி இருந்தார் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் வெண்கலச் சிலையைக் காட்டி, “இதோ இருக்கிறாரே” என்பீர்கள். அந்தச் சிலை 1936இல், குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நிறைவுக்காகச் செய்யப்பட்டது. செய்தவர் வில்காக்ஸன் என்ற ஆங்கிலச் சிற்பி. உடுப்புக்கும் நிற்கும் தோரணைக்கும் அந்தக் காலத்துப் படங்கள் எத்தனையோ உண்டு, பார்த்துச் செய்துவிடலாம். கழுத்துக்கு மேலேதான் சிக்கல். லைட்டை உயிரோடு பார்த்து எழுதிய உருவப்படம் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலை எடுத்து அப்பாவுக்குப் பொருத்தினார்கள்.

மகன் முகம் மட்டும் எப்படித் தெரிந்தது? வில்லியம் இறந்தது 1839 அக்டோபரில். தாகேர் தம்முடைய புகைப்பட முறையை பாரிஸில் உலகறியச் செய்ததும் அதே 1839இல்தான். ஆகவே கேமரா அவரைப் பார்த்ததே இல்லை. அவர் முகம் நமக்கு வந்து சேர்ந்த வழி ஒன்றே ஒன்று: ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம். இந்தப் பகுதி அந்த எண்ணெய் வண்ணத்தின் கதை.

முதலில் அப்பாவின் விஷயத்தை முடித்துவிடுவோம். படம் எழுதிக்கொள்ள அவருக்கு வாய்ப்பில்லாமல் இல்லை. தீவுக்கு வருமுன் அவர் மதராஸ் வணிகர்களான ஜூர்டன், சல்லிவன், டிசூசா கூட்டு நிறுவனத்துக்காகக் கெடாவிலும் தலாங்கிலும் (இன்றைய புக்கெட்) வியாபாரம் பார்த்தவர். பினாங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு எழுதியது 1771இல். அப்போது மதராஸில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1769இல் டில்லி கெட்டில் என்ற லண்டன் ஓவியர் அங்கே வந்து இறங்கி, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை ஆளுயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். அவருக்குப் பின்னால் 1774இல் ஜார்ஜ் வில்லிசன் வந்து, அதே நவாபைத் திரும்பத் திரும்ப எழுதியே பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். நவாபுக்குக் கழுத்துவரை கடன். ஆனாலும் தம் படத்தைப் பிறருக்கு அனுப்பி வைப்பதில் சலிப்பே வரவில்லை. கம்பெனி ஆட்களுக்கும் அது ஒரு மோகம். நாலு காசு சேர்ந்ததும் ஓவியர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

லைட் உட்கார்ந்ததற்குத் தடயம் இல்லை. அவரிடம் காசும் நேரமும் இருந்ததற்கும் பெரிய தடயம் இல்லை. தீவை நடத்தியபடியே எட்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டு, 1794 அக்டோபர் 21இல் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். நார்தம் ரோடு புராட்டஸ்டண்ட் கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது.

இறந்த ஆண்டில் அவர் எழுதிய அறிக்கை ஒன்றில் நம்மவர்களைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த ‘சூலியாக்கள்’ சுமார் 1,000 பேர், சிலர் குடும்பத்தோடு, குடியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துக் கொஞ்சம் வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் அதில் இருக்கிறது. அவர்களுடைய முகங்களை யார் எழுதினார்கள்? அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைகளுக்காகச் சாதிக்கொரு ஜோடி, தொழிலுக்கொரு ஜோடி என்று ஆணும் பெண்ணுமாகத் தாள்களில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நெசவாளி, குயவர், சலவைக்காரர் என்று ஆல்பம் ஆல்பமாக. அவற்றில் தொழில் தெரியும், உடுப்பு தெரியும். இன்னார் என்று ஒருவரும் தெரியமாட்டார். ‘இந்த மனிதர், இந்த வயதில், இந்த வெளிச்சத்தில்’ என்று நிறுத்திக் காட்டும் எண்ணெய் வண்ண உருவப்படம், அதற்கு விலை கொடுக்க முடிந்தவர்களின் சொத்தாக இருந்தது.

பினாங்கிலேயே எழுதப்பட்ட பழைய எண்ணெய் ஓவியங்களில் புகழ்பெற்றவை கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற வங்காள இராணுவப் பொறியாளருடையவை. அவரும் மலை, அருவி, துறைமுகம் என்று ஊரைத்தான் எழுதினார். 1821இல் வில்லியம் டேனியல் அவற்றைச் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டார். மூல ஓவியங்கள் பல பினாங்கு அருங்காட்சியகத்தில் உள்ளன. (இதே ஸ்மித்தான் பிற்பாடு டில்லிக்குப் போய், குதுப் மினாரின் உச்சியில் ஒரு மண்டபத்தை வைத்துக் கட்டினார். பார்த்தவர்கள் முகம் சுளித்ததால் 1848இல் அதை இறக்கிக் கீழே புல்தரையில் வைத்துவிட்டார்கள். ஓவியத்தோடு நிறுத்தியிருக்கலாம் மனிதர்.)

மகனுக்கு வருவோம். வில்லியம் பிறந்தது 1786 ஏப்ரல் 27, கோலா கெடாவில். தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். போர்த்துகீசிய, சயாமிய வழி என்று சிலரும், மலாய் வழி என்று சிலரும் சொல்கிறார்கள். கெடா அரச குடும்பத்துப் பெண் என்றும் ஒரு கதை உலவுகிறது. 1772 முதல் தம்மோடு வாழ்ந்தவர் என்று லைட்டே தம் உயிலில் அவரைக் குறிப்பிடுகிறார். கம்பெனிக் கணக்கில் மனைவி என்று வராவிட்டாலும் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற வீட்டுக்காரி. மிளகுத் தோட்டம், நகரத்து வீடு, மாடுகள், நகைகள் என்று எழுதிவைத்தும், லைட் போன பிறகு அவர் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். 1795இல் ஜான் டிம்மர் என்பவரை மணந்துகொண்டார். அவருக்கும் படம் கிடையாது.

ஆறு வயதில் வில்லியமை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். சஃபோக் மாவட்டத்தில் தெபர்ட்டன் என்ற ஊரில், அப்பாவுக்கு வேண்டிய குடும்பத்தில் வளர்ந்தார். அப்பா இறந்தபோது வயது எட்டு. பதின்மூன்றில் கடற்படை, பிறகு குதிரைப்படை, ஸ்பெயினில் நெப்போலியன் படைகளுக்கு எதிராக நடந்த போரில் வெலிங்டன் பிரபுவின் அலுவலர் குழுவில் வேவும் வரைபடமும் பார்த்தார். எதிரி முகாமைத் தூரத்திலிருந்து பார்த்து, குதிரை மேல் உட்கார்ந்தபடியே கோட்டில் பிடித்துவிடும் கை அவருக்கு அங்கேதான் பழகியது. போர் முடிந்ததும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சிசிலிக் காட்சிகள், பொம்பேயி இடிபாடுகள் என்று அவருடைய படங்கள் 1820களில் லண்டனில் புத்தகங்களாகவே வந்தன.

லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் அவருடைய படம் ஒன்று இருக்கிறது. 1815ஐ ஒட்டியது, எழுதியவர் ஜார்ஜ் ஜோன்ஸ். ஓவியரும் 1786இல் பிறந்தவர்தான். இவரும் பட்டாள உடுப்பு போட்டவர்; வாட்டர்லூ போர்க்காட்சிகளை எழுதிப் பெயர் வாங்கியவர். சாயல் என்ற விஷயத்தில் ஜோன்ஸ் பற்றி லண்டனில் ஒரு வேடிக்கை உண்டு. பார்வைக்கு அவர் வெலிங்டன் பிரபு போலவே இருப்பாராம். தெருவில் பலர் ஏமாந்து சலாம் வைப்பார்களாம். இது பிரபுவின் காதுக்குப் போனபோது, “ஆச்சரியம்தான், என்னை ஜோன்ஸ் என்று நினைத்து இதுவரை யாரும் ஏமாறவில்லையே” என்ற பொருளில் பதில் வந்ததாம்.

இனி அந்தக் காலத்தில் ஒரு முகம் எப்படித் துணியில் ஏறியது என்று பார்ப்போம். முதலில் பலகைக்கோ துணிக்கோ அடிப்பூச்சு. அது காய்ந்ததும், கருங்காவியை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, முகத்தைப் பழுப்பிலேயே நிறுத்துவார்கள். கண், மூக்கு என்று கோடு போட்டுத் தொடங்குகிறவன் கற்றுக்குட்டி. தேர்ந்தவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். புருவத்தடி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டுக்குக் கீழே, தாடைக்கு அடியே என்று நிழல் விழும் இடங்கள் மட்டும் நாலைந்து திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகள் தம்தம் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டால், கண்ணே இல்லாத நிலையிலும் “அட, இன்னாராச்சே” என்று சொல்லிவிடலாம். சாயல் என்பது அங்கேதான் பிடிபடும். அங்கே தவறினால், இமைமயிரை ஒவ்வொன்றாக எழுதினாலும் வேறு யாரோ ஒருவர்தான் வந்து உட்காருவார்.

அதற்கு மேல் வண்ணம். ஈயத்தைப் புளிக்காடியின் ஆவியில் அரிக்க விட்டுச் சுரண்டியெடுத்த ஈய வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்புக்குச் சாதிலிங்கம், எலும்பைக் கரியாக்கிய கறுப்பு. தோலுக்கு இந்த நான்கே ஏறக்குறையப் போதும். நீலம் எங்கே என்று கேட்பீர்கள். கறுப்பில் வெள்ளையைக் கலந்து, பக்கத்தில் சிவந்த கன்னத்தை வைத்தால், அந்தச் சாம்பலே கண்ணுக்கு நீலமாகத் தோன்றும். மழித்த தாடையின் நீல நிழலுக்கு இந்தத் தந்திரம்தான். இருட்டை மெல்லிசாகப் பூசுவார்கள். வெளிச்சத்தை, முக்கியமாக மூக்கு நுனியையும் நெற்றி மேட்டையும், கனமாக வைப்பார்கள். அடுக்குக்கு அடுக்கு எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். கீழே எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால், மேலடுக்கு முதலில் இறுகிப் பின்னால் வெடித்துவிடும். ஏனென்றால் எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள். உள்ளே முழுதும் இறுக மாதக்கணக்கு. இந்த நிதானம்தான் ஓவியருக்கு வரம். இன்று வைத்த கன்னத்தின் விளிம்பை நாளைக்கும் ஈரத்தோடு ஈரமாக இழுத்துக் குழைக்கலாம்.

இன்னொன்று. இன்று கடையில் வாங்கும் டியூப் அப்போது கிடையாது. அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது 1841இல். வில்லியம் லைட் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. அவர் காலத்தில் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்பார்கள். ஆணியால் ஒரு துளை போட்டு, வேண்டியதைப் பிதுக்கிக்கொண்டு, ஆணியையே அடைப்பாகச் செருகி வைக்க வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் உள்ளே கட்டிதட்டிப் போகும். வழியில் வெடித்து மூட்டை முழுக்க வீணாவதும் உண்டு. கப்பலிலும் கூடாரத்திலும் வாழ்ந்த ஒருவர் இந்தச் சரக்கைச் சுமந்துகொண்டு திரிந்து எண்ணெயில் படம் எழுதினார் என்றால், பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்தில் இந்த வித்தை கைமாறியது பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணம் அறிந்தவர். இளைஞர் ரவி வர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து கலவையைக் காட்டிக்கொடுத்தார். 1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் எழுதுவதைப் பார்க்க மட்டும்தான் அனுமதித்தார். வர்மா பார்த்தே கற்றுக்கொண்டார். வில்லியம் லைட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. லண்டனில் ஓவியர்கள் நண்பர்கள், கடைவீதியில் வண்ணம், உட்கார வைக்க ஆள் இல்லையென்றால் சுவரில் கண்ணாடி.

கண்ணாடியில் பார்த்துத் தம்மைத் தாமே அவர் எழுதிய எண்ணெய்ப் படம் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில், அடிலெய்டில் இருக்கிறது. தன்னுருவப் படம் எழுதுகிறவர் எந்நேரமும் தம் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால், இத்தகைய படங்களில் பார்வை நேராக நம்மேல் வந்து விழும். கண்ணாடியில் வலமும் இடமும் மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; ஊரார் பார்த்த வில்லியமும் அவர் எழுதிய வில்லியமும் அந்த அளவுக்கு வேறு. அடிலெய்டில் அவரை நேரில் கண்டவர்களின் நினைவில் நடுத்தர உயரம், கறுத்த சுருள் முடி, பழுப்புக் கண், நேரான மூக்கு, ஒட்ட வெட்டிய கன்னமீசை. தோல் ஆங்கிலேயருக்குரிய சிவப்பு அல்ல. மஞ்சள் கலந்த மாநிறம். வண்ணத்தட்டில் இதற்குச் சாதிலிங்கத்தைக் குறைத்து மஞ்சள் காவியைக் கூட்ட வேண்டும்.

அந்த மஞ்சள் காவிதான் மார்ட்டினா ரோசெல்ஸ்.

பினாங்கில் லைட் பெயரில் தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது. சிலைக்கு முகம் கொடுத்த மகனின் முகத்தில் பாதி தாயுடையது. ஆங்கிலக் கொடி நட்டவரைக் கொண்டாட ஆங்கிலச் சிற்பி செய்த உருவத்தில், கெடாக் கரையின் பெண்ணொருத்தி தானாகவே வந்து கலந்துவிட்டாள். விழாக் குழுவினர் இதை யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். 1936இன் காலனி நாகரிகத்தில் யோசித்திருந்தால் வேறு மூக்கு தேடியிருப்பார்கள் என்பது என் எண்ணம். எண்ணெய் வண்ணத்தில் தாயின் நிறம் தெரிந்தது. வெண்கலத்துக்கு எல்லோரும் ஒரே நிறம். அங்கே நிறம் போய், எலும்பின் அமைப்பு மட்டும் தங்கியது.

வில்லியமின் மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எகிப்தில் முகமது அலி பாஷாவின் கடற்படைக்கு வேலை பார்த்தார். 1836இல் தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளராக ‘ரேபிட்’ கப்பலில் போய் இறங்கினார். ஆளுநர் ஹிண்ட்மார்ஷுக்குத் தலைநகரம் வேறிடத்தில் வேண்டும், லைட் விடவில்லை. 1837 ஜனவரி 11 முதல் மார்ச் 10க்குள் அடிலெய்டு நகரை 1,042 ஏக்கர் மனைகளாக அளந்து முடித்தார். நேர் தெருக்கள், சதுக்கங்கள், சுற்றிலும் பூங்கா நிலம். அப்பா பினாங்கில் லைட் தெரு, பீச் தெரு, பிட் தெரு, சூலியா தெரு என்று நான்கு எல்லைக்குள் போட்ட கட்டத்தின் பெரிய பதிப்பு என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆறு வயதில் ஊரைவிட்டுப் போன பிள்ளைக்கு அது எவ்வளவு நினைவிருந்திருக்கும்? சிறு படத்தைப் பெரிதாக்க ஓவியர்கள் தாளில் கட்டம் போடும் பழக்கம் அவருக்கு அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

1839 ஜனவரியில் அவருடைய குடிசையில் தீப்பிடித்து, முப்பது ஆண்டு நாட்குறிப்புகளும் ஏராளமான படங்களும் எரிந்தன. அதே ஆண்டு அக்டோபர் 6இல் காசநோயால் இறந்தார். 1906இல் அடிலெய்டு அவருக்குச் சிலை வைத்தது. கையை நீட்டி நகரைக் காட்டியபடி நிற்பார். ஆக, ஒரே முகச்சாயல் இரண்டு ஊர்களில், இரண்டு பெயர்களில் வெண்கலமாகிவிட்டது. அடிலெய்டில் அது மகன், பினாங்கில் அப்பா.

பினாங்குச் சிலை ஜப்பானியர் காலத்தில் அகற்றப்பட்டது. போருக்குப் பின் திரும்ப நிறுத்தப்பட்டு, இடம் மாறி இப்போது கோட்டைக்கு வந்திருக்கிறது. 2020 ஜூனில், உலகெங்கும் காலனி ஆட்சியாளர்களின் சிலைகள் மேல் கோபம் திரும்பிய நேரத்தில், யாரோ இதன் மேலும் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். அவர்கள் கோபம் பிரான்சிஸ் லைட் மேல். கெடா சுல்தானுக்குக் கொடுத்த பாதுகாப்பு வாக்குறுதியைக் கம்பெனி காப்பாற்றாத கதையை 12ஆம் பகுதியில் படித்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். சாயம் வழிந்த முகம்தான் வேறொருவருடையது.

இங்கிலாந்திலிருந்து சிலை வந்து இறங்கிய அதே 1930களில், பினாங்கிலும் ஜொகூரிலும் உள்ளூர் முகங்களை உள்ளூர்க் கைகளே எழுதத் தொடங்கிவிட்டன. கூச்சிங்கில் பிறந்து இங்கே வந்து சூலியா தெருவில் ஸ்டூடியோ வைத்த யோங் முன் சென், இலங்கையிலிருந்து வந்து ஜொகூர் அரண்மனை ஓவியரான டான் பெரிஸ், 1933இல் அவர் தம் மனைவியைக் கல்யாண உடையில் எழுதிய எண்ணெய்ப் படம், புகைப்படக் கடைகளும் தூரிகையும் ஒரே கூரையின் கீழ் பிழைத்த காலம் ஆகியவை அடுத்த பகுதியில்.